கார்த்திகை மழையா, வெறும் குளிரா? மதுரைப் பக்கம் அடுத்த பத்து நாளை எப்படிக் கணிக்கிறது?

மேலூர்_ஒருபோகம்:

வங்கக் கடலின் தென்கிழக்கே காற்றுச் சுழற்சி உருவாகுது, ரெண்டு மூணு நாளில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஆகலாம்னு வானிலை மைய அறிக்கை சொல்லுது. செல்போனில் ஒரு செயலி மதுரைக்கு அஞ்சு நாளும் மழைப் படம் போடுது. இன்னொரு செயலி மேகமூட்டம், குளிர்னு மட்டும் காட்டுது. எதை நம்புறது?

விவரம் இதுதான். மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாயின் ஒருபோகப் பாசனம். இரண்டரை ஏக்கர், ஆந்திரா பொன்னி (பிபிடி 5204), நட்டு 42 நாள் ஆகுது. ரெண்டாவது மேலுரம் இந்த வாரம் போடணும், உரம் வாங்கி வச்சாச்சு. ஊர்க் கண்மாய் கலுங்கை (நிரம்பின தண்ணி வழிஞ்சு போற கல் கட்டு) தொட ஒரு அடிதான் பாக்கி. தனியா 20 சென்ட் மல்லிகை இருக்கு, கவாத்து இந்த மாசக் கடைசியில வெட்டணும்.

உரம் போடலாமா, கவாத்து வெட்டலாமா, கண்மாயில என்ன பார்க்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

---

மழைமானி:

தம்பி, ரெண்டு செயலியும் பொய் சொல்லலை. பெரும்பாலும் ஒண்ணு ஐரோப்பிய வானிலைக் கணினி மாதிரியோட கணக்கை எடுத்துக் காட்டும், இன்னொண்ணு அமெரிக்க மாதிரியோடதை. முதல் மாதிரி ஊரை 9 கி.மீ. கட்டமாப் பார்க்குது, அடுத்தது 13 கி.மீ. கட்டமா. அழகர்மலையும் நாகமலையும் அந்தக் கட்டத்துக்குள்ள கரைஞ்சு போயிரும். அதைவிடப் பெரிய சிக்கல், தாழ்வே இன்னும் உருவாகலை. மையம் எங்க உக்காரும்னு தெரியாமப் போடுற பாதை, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க மாறிக்கிட்டேதான் இருக்கும். அந்த மழைப் படத்தை எண்ணி உரமூட்டையை அவிழ்க்காதீங்க.

மதுரைக்குத் தாழ்வோட பலத்தைவிட அது போற வழிதான் கணக்கு. இலங்கைக்குக் கிழக்கே இருந்து வடமேற்கா ஏறி சென்னை, நெல்லூர்ப் பக்கம் போச்சுன்னா, நமக்கு உள்நாட்டுக் காத்து வடக்கிலயும் வடமேற்கிலயும் இருந்து இறங்கும். அது காஞ்ச காத்து. டிவியில புயல் புயல்னு ஓடிக்கிட்டு இருக்கும், இங்க பளிச்சுன்னு வெயில் அடிக்கும், ராத்திரி மட்டும் குளிர் ஏறும். அதே தாழ்வு இலங்கையை ஒட்டி மன்னார் வளைகுடா, குமரிக்கடல்னு தெற்கால நகர்ந்தா கதை வேற. கடல் ஈரம் ராமநாதபுரம், சிவகங்கை வழியாத் தடையில்லாம உள்ள வரும். கொடைக்கானல் சரிவும் வருசநாட்டு மலையும் அதைக் குறுக்க மறிச்சு மேல தூக்கும். மதுரையில பெய்யுறதைவிட அங்க கூடப் பெய்யும், வைகைக்கு வரத்து கூடும். மூணாவது, டெல்டா பக்கம் கரையேறி நேரா மேற்கே வர்றது. 2018 நவம்பர் 16-ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாக் கேரளத்துக்குப் போச்சு. அந்த வழியில வந்தா மழையோட காத்தும் சேர்ந்துக்கும்.

எந்த வழின்னு உங்க வரப்புல நின்னே ஓரளவு பிடிக்கலாம். காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. நம்ம நாட்டுல எப்பவும் தாழ்வு உங்க இடது கைப் பக்கம் இருக்கும். வடகிழக்குக் காத்து அடிச்சா நீங்க தென்மேற்கைப் பார்த்து நிப்பீங்க, இடது கை தென்கிழக்கு: தாழ்வு இலங்கைப் பக்கம் இருக்கு, மழைக்கு வாய்ப்பு. காத்து வடமேற்குக்குத் திரும்பிருச்சுன்னா இடது கை வடகிழக்கைக் காட்டும்: தாழ்வு சென்னைப் பக்கம் ஏறிருச்சு, நமக்கு மழை முடிஞ்சது. தென்கிழக்குக் காத்து வந்தா தாழ்வு தென்மேற்கே போயிருச்சுன்னு அர்த்தம். இதுலதான் பலர் ஏமாறுவாங்க. கடந்து போயிருச்சேன்னு நினைக்கிற அந்த நேரத்துல, தென்கிழக்குக் காத்து ஈரத்தை இழுத்து இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள் பெய்ய வைக்கும்.

வீட்டுச் சுவர், தோப்பு பக்கத்துல நின்னு பார்த்தா காத்து சுத்திச் சுத்தி அடிக்கும். திறந்த வெளியில, கீழ்மேகம் எந்தத் திசையில இருந்து ஓடி வருதுன்னு பாருங்க. அதுதான் சரியா இருக்கும்.

செல்போன்ல அழுத்தமானி இருந்தா ஒரு எச்சரிக்கை. நம்ம அட்சரேகைப் பக்கம் காத்தழுத்தம் தினமும் தானா ஏறி இறங்கும். காலை 10, ராத்திரி 10 மணி வாக்குல உச்சம். விடியக்காலை 4, சாயங்காலம் 4 வாக்குல இறக்கம். இந்த ஆட்டமே ரெண்டு மூணு மில்லிபார் வரும். மத்தியானம் அழுத்தம் விழுதேன்னு பதறாதீங்க. இன்னைக்குக் காலை பத்து மணி அளவை நேத்துக் காலை பத்து மணி அளவோட மட்டும் ஒப்பிடணும். அப்படிப் பார்த்து ரெண்டு நாளாத் தொடர்ந்து இறங்கினா அதுக்கு அர்த்தம் இருக்கு.

---

மழைமானி:

விட்டுப்போனது, குளிர் பத்தி. ரெண்டு குளிரும் ஒண்ணு இல்ல. மூட்டக் குளிர்னா பகல்ல வெயிலே இல்லாம, 25, 26 டிகிரியைத் தாண்டாம, ராத்திரி 21, 22-ல நிக்கும். பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே இருக்காது. இது மழையோட வர்றது. பனிக் குளிர்னா வானம் தெளிஞ்சு, வடக்குக் காத்து வந்து, பகல்ல நல்லாக் காய்ஞ்சு விடியக்காலை 18, 19-க்கு இறங்குறது. இது தாழ்வு போன பின்னாடி வர்றது. செயலியில பனிநிலைன்னு (dew point) ஒரு எண் இருக்கும். அது 22-க்கு மேல இருந்தா காத்துல ஈரம் நிறைய இருக்கு. 18-க்குக் கீழ வந்துட்டா காஞ்ச காத்து வந்து சேர்ந்துருச்சு. உங்க நெல்லுக்கு எந்தக் குளிர்ங்கிறது முக்கியம், அதை நெல் பார்க்கிறவங்க சொல்லுவாங்க.

---

ஆவணி_வீதி:

எதுக்கு இவ்வளவு கணக்கு? "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை"ன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. கார்த்திகை பிறந்தாச்சு. இனி தூறல்தான்.

---

மழைமானி:

அண்ணே, பழமொழி சராசரியைச் சொல்லுது, அதுல தப்பில்ல. ஆனா 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. கொட்டுச்சு. அது மார்கழி பிறந்த அன்னைக்கு. அதையும்விடக் கவனிக்க வேண்டியது, அன்னைக்குக் கடல்ல புயலும் இல்ல, தாழ்வு மண்டலமும் இல்ல. குமரிக்கடல் பக்கம் மேலடுக்குல ஒரு சுழற்சி, அவ்வளவுதான். அதனால "வெறும் சுழற்சிதானே"ன்னு அறிக்கையைத் தள்ளக் கூடாது. தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல்ங்கிற பேரெல்லாம் காத்து வேகத்துக்கு வச்ச பேரு: மணிக்கு 31 கி.மீ.க்கு மேல மண்டலம், 50-க்கு மேல ஆழ்ந்த மண்டலம், 62-க்கு மேல புயல். மழை அளவுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல.

அறிக்கையில பார்க்க வேண்டிய சொல் ரெண்டுதான். ஒண்ணு அளவு: கனமழைன்னா 24 மணி நேரத்துல 64.5 மி.மீ.ல இருந்து 115.5 வரை, மிக கனமழைன்னா 115.6-ல இருந்து 204.4 வரை, அதுக்கு மேல அதி கனமழை. இன்னொண்ணு பரப்பு. "ஓரிரு இடங்களில்"னா மாவட்டத்து மழைமானிகள்ல கால்வாசிக்கும் குறைவு. "ஒரு சில இடங்களில்" பாதி வரைக்கும், "பல இடங்களில்" முக்கால் வரைக்கும். மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைன்னு போட்டா, பேரையூர்ல கொட்டி மேலூர் காய்ஞ்சு கிடந்தாலும் அறிக்கை சரிதான். நாள் கணக்கு காலை 8.30-ல இருந்து மறுநாள் காலை 8.30 வரை. உங்க வயல் மழையை அளக்கணும்னா அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கிற நேர் சுவர் பாத்திரம் போதும். மரம், சுவரோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தள்ளி வச்சு, 8.30-க்கு ஸ்கேல் விட்டுப் பாருங்க. ஒரு மி.மீ. மழைன்னா ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் தண்ணி.

ரேடார் படத்தை ரொம்ப நம்ப வேண்டாம். காரைக்கால் ரேடார் நமக்கு 200 கி.மீ.க்கு மேல. அவ்வளவு தூரத்துக்கு வர்றதுக்குள்ள ரேடார் அனுப்புற அலைக்கதிர் தரையில இருந்து நாலு கி.மீ.க்கு மேல போயிரும். ஐப்பசியில சாயங்காலம் எழும்புற இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரம், அது தப்பாது. கார்த்திகையில கிழக்குக் காத்துல வர்ற தாழ்ந்த மேகம் கதிருக்குக் கீழயே நழுவிரும். படம் வெறுமையா இருக்கும், நீங்க நனைஞ்சுக்கிட்டு இருப்பீங்க. கொச்சி ரேடாருக்குக் குறுக்க மலை நிக்குது.

---

நெற்கதிர்:

மேலூர் நண்பருக்கு. 42 நாளில் பிபிடி தண்டு உருளும் கட்டம், அதாவது குருத்து உருவாகும் நேரம். இந்த மேலுரம் தள்ளிப்போனால் கதிர் சிறுத்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அந்தக் கட்டம் ஒரே நாளில் முடிவதில்லை. நாலைந்து நாள் தாமதத்தால் பெரிய இழப்பு வராது. போட்ட உரம் கழுவிக்கொண்டு போவதுதான் இழப்பு.

ஏன் கழுவுகிறது என்றால், யூரியா போட்டவுடன் தண்ணீரில் கரைந்து தண்ணீரோடுதான் இருக்கும். அது அம்மோனியமாக மாறி மண் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் வயல் நிரம்பி வழிந்தால் உரம் கீழ் வயல்காரருக்குப் போய்ச் சேரும். அதனால் விதி எளிது: அடுத்த 48 மணி நேரத்துக்கு மஞ்சள் எச்சரிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் போட வேண்டாம். காற்று வடமேற்குக்குத் திரும்பி வானம் தெளிந்த மறுநாள் போடுங்கள்.

போடும் விதம்: ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ. மூன்றையும் கலந்து ஒரு இரவு மூடி வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து வீச வேண்டும். உங்கள் இரண்டரை ஏக்கருக்கு யூரியா 55 கிலோ, ஜிப்சம் 45, புண்ணாக்கு 10, பொட்டாஷ் 42.5 கிலோ வரும். ஜிப்சம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். மூட்டக் காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியானால் கை வீச்சில் சமமாக விழாது, வயலில் பச்சைத் திட்டுத் திட்டாகத் தெரியும். நின்ற தண்ணீரை வடித்து, மண் மூடும் அளவுக்கு மட்டும் வைத்து வீசுங்கள். இரண்டு நாள் மடையைத் திறக்காதீர்கள்.

இப்போது உண்மையில் பயப்பட வேண்டியது குலைநோய்க்கு. பிபிடி அதற்கு மிக எளிதில் மாட்டும் ரகம். இரவு வெப்பம் 20 டிகிரி அளவில் இருந்து, இலையில் விடிந்த பின்னும் வெகுநேரம் ஈரம் நின்று, தழைச்சத்து மிகுந்திருந்தால் மூன்றும் சேர்ந்து நோய்ப் பூசணத்தின் வித்து விழுந்த மாதிரிதான். மழைமானி சொன்ன இரண்டு குளிரிலும் அபாயம் உண்டு: மூட்டத்தில் மழை ஈரம், தெளிந்த பின் பனி ஈரம். ஆனால் அதிகம் தாக்குவது இரண்டும் மாறி மாறி வரும் வாரத்தில்.

காலையில் வயலுக்குப் போனால் நடு வயலைப் பார்க்காதீர்கள். மர நிழல் விழும் மூலை, தண்ணீர் முதலில் பாயும் வாய்மடை ஓரம், போன தடவை உரம் சிதறிக் கரும்பச்சையாக நிற்கும் திட்டு, இந்த மூன்று இடத்தைப் பாருங்கள். இலையில் இரு முனையும் கூர்மையாக, கண் வடிவத்தில் புள்ளி. நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. இதுதான் குலைநோய். சிறு எள் அளவில் வட்டமாகப் பழுப்பாக மட்டும் இருந்தால் அது செம்புள்ளி, வேறு. இலை நுனியிலிருந்து ஓரமாக அலை அலையாக மஞ்சளோடி வைக்கோல் நிறமானால் பாக்டீரியா இலைக்கருகல். காற்றடித்த மழைக்குப் பின் ஒரே வாரத்தில் தெரியும்.

குலைநோய்ப் புள்ளி கண்ணில் பட்டால் யூரியாவை நிறுத்திவிட்டு முதலில் மருந்து. அசாக்சிஸ்ட்ரோபின் 25 எஸ்.சி. ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். பத்து லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 10 மில்லி, இருபது டேங்க். அல்லது டிரைசைக்ளசோல் 75 தூள் ஏக்கருக்கு 200 கிராம். தண்ணீரைக் குறைத்து எட்டு டேங்கில் முடிக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. அடி இலைக்கு மருந்து போகாது, பத்து நாளில் திரும்ப வரும். ஒட்டும் திரவம் சேருங்கள், பனி காய்ந்த பிறகு அடியுங்கள். அடித்து நாலு மணி நேரம் மழை இல்லாமல் இருக்க வேண்டும். இலைக்கருகலுக்கு இந்த மருந்து எதுவும் கேட்காது. அதற்குப் பசுஞ்சாணம் 20 சதவீதக் கரைசலை வடிகட்டித் தெளிப்பது, தழைச்சத்தை நிறுத்துவது, பாதித்த வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதிருப்பது.

---

மேலூர்_ஒருபோகம்:

தெளிவாச் சொன்னீங்க, நன்றி. ஒரு சந்தேகம். பொட்டாஷ் நோய் எதிர்ப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. யூரியாவை நிறுத்தி வச்சு, பொட்டாஷை மட்டும் இப்பவே வீசிறலாமா? அப்புறம், அப்படியும் மழை பெஞ்சு வயல்ல தண்ணி நின்னுட்டா என்ன செய்யணும்?

---

நெற்கதிர்:

பொட்டாஷ் யூரியா அளவுக்கு ஓடாது, களிமண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வயல் நிரம்பி வழியும் மழை என்றால் அதுவும் வீண். தனியாக வீச இன்னொரு ஆள் கூலி. சேர்த்தே போடுங்கள்.

தண்ணீர் நின்றால் பயிர் மூழ்கியதா, காலளவா என்று பாருங்கள். இலை நுனி வெளியே தெரியும் வரை இரண்டு மூன்று நாள் தாங்கும். முழுக்க மூழ்கினால்தான் அவசரம். வடிக்கும்போது ஒரே இடத்தில் வரப்பை வெட்டாதீர்கள், வெட்டிய இடம் அரித்து அகலமாகும். பழைய வடிமடையிலேயே தென்னை மட்டை போட்டுத் திறங்கள். வடிந்த பின் இலை வெளுத்து மஞ்சளாக இருந்தால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது மண்ணில் உரம் போட்டுப் பயனில்லை. ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாகத் தெளியுங்கள். புது வெள்ளை வேர் விட்டதைப் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு மேலே சொன்ன மேலுரம். குலைநோய்ப் புள்ளி இருந்தால் இந்தத் தெளிப்பிலும் யூரியா வேண்டாம்.

---

கலுங்கடி:

கண்மாய் பத்தி யாரும் பேசலை, அதுதான் முதல்ல. கலுங்குக்கு ஒரு அடி பாக்கின்னா உங்களுக்கு நேரம் கம்மி. மண்ணு ஏற்கெனவே ஊறிக் கிடக்கு. காஞ்ச மண்ணு முதல் மழையைக் குடிச்சிரும். ஊறின மண்ணு குடிக்காது, விழுந்தது அப்படியே வரத்துக்கால்ல ஓடி வரும். ஒரு சதுர கி.மீ. நிலத்துல ஒரு மி.மீ. பெஞ்சா பத்து லட்சம் லிட்டர். 60 மி.மீ. பெஞ்சா என்னாகும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

கலுங்குக் கல்லுக்கு நடுவுல பலகையோ மண்மூட்டையோ வச்சுத் தண்ணி தேக்கியிருக்காங்களான்னு இன்னைக்கே போய்ப் பாருங்க. ரெண்டு குறுக்கம் (ஏக்கர்) கூடப் பாயும்ங்கிற ஆசையில எல்லா ஊர்லயும் வைக்கிறதுதான். அதை எடுக்க வேண்டியது மழைக்கு முன்னாடி. தண்ணி தலைக்கு மேல தாண்டும்போது எடுக்கப் போனா ஆள் போயிரும். அது ஏன் ஆபத்துன்னா, கலுங்கு மேல தண்ணி ஒரு அடி உயரத்துக்குப் பாயுறதுக்கும் ரெண்டு அடிக்குப் பாயுறதுக்கும் வெளியேத்துற அளவு ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 2.8 மடங்கு வித்தியாசம். ஒரு அடி மூட்டை வச்சா, கரை விளிம்பு வர்றதுக்குள்ள வெளியேத்துற திறன்ல பெரும் பங்கை அடைச்சாச்சு. அப்புறம் தண்ணி கரை மேல ஏறும். மண் கரை மேல தண்ணி வழிஞ்சா அதுக்கு அப்புறம் செய்ய ஒண்ணும் இல்ல.

கரையில நடக்கிறப்போ மேல நடக்காதீங்க, வெளிப்பக்க அடியில நடங்க. மடைக்கு ரெண்டு பக்கமும், பழைய உடைப்பு அடைச்ச இடம், வேலிக்கருவை வேர் இறங்கின இடம், நண்டு வளை, எலி வளை. ஊத்து தெரிஞ்சா ஒரு டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க. தெளிஞ்ச தண்ணின்னா கசிவு, குறிச்சு வச்சு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கப் பார்த்தாப் போதும். கலங்கின தண்ணி, டம்ளர் அடியில மண்ணு படியுதுன்னா கரைக்குள்ள குழாய் மாதிரி அரிச்சுக்கிட்டு வருது. அதுதான் உடைப்போட ஆரம்பம்.

கலங்கின ஊத்தை நேரா மூடாதீங்க. மூட்டையை அது மேலயே அமுக்கினா தண்ணி பக்கத்துல வேற வழி பிடிச்சு இன்னும் பெருசா வரும். ஊத்தைச் சுத்தி குதிரை லாடம் மாதிரி மண்மூட்டை அடுக்கி, உள்ள தண்ணி ஏற விடுங்க. ஏறின தண்ணியோட எடையே எதிர்த்து நிக்கும். வெளிய வர்ற தண்ணி தெளியுற உயரத்துல நிறுத்திருங்க. அதே நேரம் தண்ணிப் பக்கம் வளை வாய் தெரிஞ்சா வைக்கோலும் தார்ப்பாயும் போட்டு அமுக்கலாம். மூட்டையில பாதிக்குக் கொஞ்சம் மேல மட்டும் மண்ணு போடணும். முழுசா அடைச்சா உருண்டையாகி இடுக்கு விழும். வாயைக் கட்டாம மடிச்சு அடியில வச்சு, செங்கல் அடுக்குற மாதிரி இணைப்பு மாத்தி அடுக்கி, மிதிச்சு விடுங்க.

கலங்கின ஊத்து பார்த்த உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்துக்கும் சொல்லணும், இல்லன்னா 1077. உங்க கண்மாய்க்குக் கீழ எத்தனை கண்மாய் சங்கிலியா இருக்குன்னு தெரியுமில்ல? மேல ஒண்ணு போனா கீழ உள்ளதுக்கு ஒரே நேரத்துல அவ்வளவு தண்ணியும் வந்து விழும்.

---

பூக்காடு:

மல்லிகைக்கு ஒரு வரி. நவம்பர் கடைசி வாரம் கவாத்துன்னு இருக்கிறது சரிதான், தரையில இருந்து 50 செ.மீ. உயரத்துல வெட்டணும். ஆனா நாள் தேதி பார்த்து வெட்டாதீங்க தம்பி. வெட்டின வாய் ரெண்டு மூணு நாள் காயணும். மூட்டத்துல வெட்டுனா வெட்டுவாயில பூசணம் ஏறி கிளை மேல இருந்து காய்ஞ்சுக்கிட்டே இறங்கும். ஒரு வாரம், பத்து நாள் தள்ளினா ஒண்ணும் குறையாது; எப்படியும் இந்தக் குளிர்ல மொட்டு சிறுத்து வரத்துக் குறையுற காலம்தான், அதனாலதான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல விலை ஏறுது.

இப்ப செய்ய வேண்டியது பாத்தியை உடைச்சு வடிகால் விடுறது. தூரைச் சுத்தி ஒரு நாள் முழுக்கத் தண்ணி நின்னாலே வேரழுகல் வரும். கீழ் இலை மஞ்சளாகும், அப்புறம் செடியே சொங்கிப் போகும். அப்படித் தெரிஞ்சா காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூர்ல ஊத்துங்க. பக்கத்துச் செடிக்கும் சேர்த்து. கவாத்து முடிஞ்ச கையோட செடிக்கு 10 கிலோ தொழு உரம்.

---

வைகைக்கரை:

மதுரை டவுன்ல இருந்து பார்க்கிறவங்களுக்கும் ரெண்டு விஷயம்.

வைகை அணை முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல ரெண்டாவது, 69-ல மூணாவது. மூணாவது விட்டதுக்கு அப்புறம் வர்ற தண்ணியை அப்படியே திறந்து விடுவாங்க. இது பலருக்கும் தெரியும். தெரியாதது, அணை திறக்காமலே மதுரையில வைகை ஏறலாங்கிறது. மஞ்சளாறும் மருதாநதியும் கொடைக்கானல் மலையில இருந்து இறங்கி அணைக்குக் கீழதான் சேருது. கிழக்குக் காத்து மலையில மோதுற நாள்ல அணை மட்டம் மட்டும் பார்த்துட்டு ஆத்துக்குள்ள வண்டி கழுவ, மாடு குளிப்பாட்ட இறங்காதீங்க.

ரெண்டாவது, செல்லூர்ப் பக்கம். 2024 அக்டோபர் 25-ல சாயங்காலம் கொஞ்ச நேரத்துல பத்து செ.மீ.க்குக் கிட்டப் பெஞ்சு, அந்த வட்டாரமே தண்ணியில நின்னுச்சு. அது ஐப்பசி இடிமழை, கால் மணி நேரத்துல கொட்டிட்டுப் போறது, வாய்க்கால் கொள்ளாது. கார்த்திகை மழை அப்படி இல்ல, நாள் பூரா நசநசன்னு பெய்யும், வாய்க்கால் கொள்ளும். ஆனா வைகையில தண்ணி உயரமா ஓடுற நேரமா இருந்தா பந்தல்குடி வாய்க்கால் தண்ணி ஆத்துல இறங்காம எதிர்த்து நிக்கும். அதனால மழை அளவோட ஆத்து மட்டத்தையும் பார்த்துட்டுத்தான் தரைத்தள மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரியை மேல ஏத்தணுமான்னு முடிவு பண்ணணும். மீட்டர்ப் பெட்டி வரைக்கும் சுவர் ஓதம் ஏறியிருந்தா மெயினை இறக்கிட்டு ஆளைக் கூப்பிடுங்க. தொட்டுப் பார்க்க வேண்டாம்.

---

கிடைக்காரர்:

ஆடு வச்சிருக்கவங்களுக்கு: திறந்த கிடையில நனைஞ்ச ஆட்டைவிட, நனைஞ்ச தரையில படுத்த குட்டிதான் முதல்ல சாகும். ஒரு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டியைப் பரண்லயோ பழைய சாக்கு விரிச்ச திண்ணையிலயோ ஏத்திருங்க. சாயங்காலம் வேப்பிலை மூட்டம் போடுங்க. செம்மறியில நீலநாக்கு நோயைப் பரப்புறது சின்னக் கொசு மாதிரி ஒரு பூச்சி, அது இந்த ஈரத்துலதான் பெருகும். வாய் வீங்கி, மூக்கு ஒழுகி, கால் நொண்டினா அந்த ஆட்டைத் தனியாக் கட்டி மருந்தகத்துக்குச் சொல்லுங்க. மழையில முளைச்ச இளம் புல்லை வெள்ளன வெறும் வயித்துல மேய விடாதீங்க, கொஞ்சம் காய்ஞ்ச கடலைக்கொடி போட்டுட்டு ஓட்டுங்க. வயிறு உப்பாது.

---

மேலூர்_ஒருபோகம்:

எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் போய்ப் பார்த்தாச்சு. கலுங்குல ஒன்பது மூட்டை இருந்துச்சு, ஊர்ல பேசி எடுத்தாச்சு. மடைக்குத் தெற்கே ஒரு கசிவு, டம்ளர்ல தெளிவாத்தான் இருக்கு. வாய்மடை ஓரம் ரெண்டு தூர்ல கண் வடிவப் புள்ளி இருக்கு, நடுவுல சாம்பல். கீழ்மேகம் வடகிழக்குல இருந்து ஓடுது. நாளைக்குக் காலையில மழை இல்லன்னா மருந்து அடிச்சிரலாமா, இல்ல தாழ்வு போற வரை பொறுக்கணுமா?

---

நெற்கதிர்:

பொறுக்க வேண்டாம். இரண்டு தூரில் தெரிந்தால் வித்து இருபது தூரில் விழுந்திருக்கும். காலை எட்டு மணிக்கு வானிலை மையத்தின் மூன்று மணி நேர முன்னறிவிப்பைப் பாருங்கள். மதுரை மாவட்டம் அதில் இல்லையென்றால் ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். வாய்மடைப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நோய் இல்லாத பக்கம் முதலில், புள்ளி உள்ள இடம் கடைசியில். ஈர இலையில் உரசிய கால்சட்டையோடு மறு பக்கம் போனால் நீங்களே பரப்புவீர்கள். அடித்து நாலு மணி நேரத்துக்குள் பலமாகப் பெய்துவிட்டால் மட்டும், தெளிந்த பின் இன்னொரு முறை அடிக்க வேண்டும்.

---

மழைமானி:

வடகிழக்குன்னா தாழ்வு இன்னும் இலங்கைப் பக்கம்தான் இருக்கு தம்பி. காலையில மறுபடி பாருங்க. கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ திரும்பியிருந்தா அது தெற்கு வழியைப் பிடிச்சிருச்சு, ராத்திரிக்குள்ள கண்மாய்க்கு ஆள் போடுங்க. வடக்குக்குத் திரும்பியிருந்தா உர மூட்டையை எடுத்து வெயில்ல வைங்க.